டிவி பாடம் முடிந்ததும் புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள்

நாள்: 12.07.2021

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளியை மூடினோம். அன்று ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை இன்று மூன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பு அறைக்குள் அது ஒருநாள்கூட உட்காரவில்லை. அதை நினைத்தால் எனக்கு மனது ஆறவில்லை.

சத்துணவு அரிசியும் பருப்பும் வாங்க வந்தபோது அரசின் கல்வித் தொலைக்காட்சியைப் பற்றி உங்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: "கல்வி டிவி பாக்குது டீச்சர், அது போதாதா? புத்தகமும் படிக்கணுமா?" வரிசையில் ஆட்கள் நின்றதால் அவசரமாக ஏதோ சொல்லி அனுப்பினேன். அந்தப் பதிலில் எனக்குத் திருப்தி இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே டிவியில் கடன் வாங்கிக் கழித்தல் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல பாடம். பத்தின் கட்டு அவிழ்ந்து ஒன்றுகளாக விழுவதைப் படமாகவே காட்டினார்கள். பிள்ளை கண் கொட்டாமல் பார்த்தாள். முடிந்ததும் 52-ல் 27 போனால் எவ்வளவு என்று சிலேட்டில் போடச் சொன்னேன். 35 என்று எழுதினாள். ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று என்று போட்டிருக்கிறாள். "இப்பதானே கடன் வாங்குறதைப் பாத்த?" என்றேன். "பாத்தேன் டீச்சர். அஞ்சு ஏன் நாலாச்சுன்னு யோசிச்சேன். அதுக்குள்ள அடுத்த கணக்கு வந்திருச்சு."

டிவி பாடத்தின் குறை முழுவதையும் அந்தப் பிள்ளை ஒரே வரியில் சொல்லிவிட்டாள். வகுப்பில் இருந்திருந்தால் அவள் முகத்தைப் பார்த்தே நான் நிறுத்தியிருப்பேன். டிவியில் பாடம் நடத்தும் ஆசிரியர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் இந்தத் திண்ணை அவருக்குத் தெரியாது. கணக்குப் புத்தகத்தை எடுத்தோம். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, பத்துப் பத்தாக நூலால் கட்டினோம். ஒரு கட்டை அவளே அவிழ்த்தாள். நடுவில் இரண்டு முறை முந்தைய பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்துப் பார்த்துக்கொண்டாள். கால் மணி நேரத்தில் 25 வந்துவிட்டது. புத்தகம் அவள் யோசிக்கும்வரை காத்திருந்தது.

அதற்காக டிவியை அணைத்துவிடாதீர்கள். 2019 ஆகஸ்ட் 26-ல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியபோது பள்ளிகள் திறந்திருந்தன. அடுத்த ஆண்டே அதுதான் வகுப்பறையாகும் என்று யாருக்குத் தெரியும்? இணையத்துக்குக் காசு கட்ட முடியாத வீடுகளிலும், 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சியை இன்னும் வைத்திருக்கும் வீடுகளிலும், கேபிள் இருந்தால் பாடம் வந்துவிடுகிறது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டிவிதான் முதலில். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்குப் புத்தகம் வெறும் படம்தான். 'ழ'வுக்கு நாக்கு எப்படி மடிகிறது என்பதை அச்சில் காட்ட முடியாது. ஒருவர் வாயைப் பார்த்து, குரலைக் கேட்டுத்தான் வரும். பூமி சுற்றுவது, இதயம் சுருங்கி விரிவது, அமிலத்தில் லிட்மஸ் தாள் சிவப்பது எல்லாமே கண்ணால் பார்க்க வேண்டியவை. உங்களில் படிக்கத் தெரியாதவர்களும் பிள்ளையோடு உட்கார்ந்து அவற்றைப் பார்க்கலாம்.

மூன்றாம் வகுப்புக்கு மேலே போகப் போகப் புத்தகத்தின் பங்கு கூட வேண்டும். பெரியவர்களுக்கான படிப்பிலும் இப்படித்தான் நடந்தது. இங்கிலாந்தில், வீட்டிலிருந்தே படிக்க வைக்கும் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971 ஜனவரியில் பாடம் தொடங்கியது. ஆரம்பத்தில் அதற்குச் சொல்லப்பட்ட பெயரே காற்றலைப் பல்கலைக்கழகம் என்பதுதான். டிவி பாடங்கள்தான் அதற்குப் புகழ் தேடித் தந்தன. ஆனால் மாணவர்கள் பெரும்பாலும் படித்தது தபாலில் வந்த புத்தகக் கட்டுகளைத்தான். 2006 டிசம்பரில் டிவி விரிவுரைகள் நின்றன, பல்கலைக்கழகம் நிற்கவில்லை. நானும் பட்டப்படிப்பைத் தபால் வழியில்தான் முடித்தேன். கட்டு வந்த அன்று இரவே பிரித்து, புரியாத வரிக்குப் பென்சிலால் கோடு போட்டுவைப்பேன். ஒரு வாரம் கழித்து அதே வரி புரியும். கோடு போட்டுவைக்க ஓர் இடம் வேண்டும் இல்லையா? அந்த இடம் காகிதத்தில்தான் இருக்கிறது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். டிவி பாடம் முடிந்ததும் அடுத்ததை ஓடவிடாமல் அணைத்துவிடுங்கள். அதே பாடத்தைப் புத்தகத்தில் எடுக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதே பிள்ளைக்கு நல்ல பயிற்சி. ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசிக்கட்டும். உங்களுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். திக்கினால் உங்களுக்கே தெரியும். பிறகு நோட்டில் இரண்டு கணக்கோ நான்கு வரியோ எழுதட்டும். புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். தப்பாக எழுதினால் அழிக்கச் சொல்லாதீர்கள், தப்பைப் பார்த்தால்தான் எங்களுக்கு வழி தெரியும். அந்த 35-ஐ எழுதியிராவிட்டால் அவளுக்குப் பாடம் புரிந்துவிட்டது என்றே நான் எழுந்து வந்திருப்பேன்.

புத்தகத்தின் ஓரத்தில் உள்ள கட்டம் கட்டமான கியூஆர் கோடைப் போனில் காட்டினால் அந்தப் பாடத்தின் வீடியோ வரும். போன் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம்.

வெள்ளிக்கிழமைதோறும் காலை 10 மணி முதல் 1 மணி வரை பள்ளியில் இருப்போம். முகக்கவசம் போட்டுக்கொண்டு பெரியவர் ஒருவர் நோட்டைக் கொண்டுவந்தால் போதும், பிள்ளை வர வேண்டாம். வட்டம் போட்ட இடங்களைப் பார்த்து, பக்கத்திலேயே விளக்கம் எழுதித் தருகிறோம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டார் கையில் கொடுத்தனுப்பலாம். டிவியும் இல்லை, கேபிளும் போய்விட்டது என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், வீட்டுக்கே வருகிறோம். நோட்டு தீர்ந்துபோனவர்களுக்குப் புது நோட்டு என் மேசையில் இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி