ஜூசர் வாங்கட்டுமா என்று கேட்டாயே

மார்த்தாண்டம்,
ஞாயிற்றுக்கிழமை

மக்களே,

நீ அனுப்பிய ஜூசர் படத்தை நேற்று ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தேன். 16,000 ரூபாய், இன்றைக்குள் எடுத்தால்தான் இந்த விலை, வாங்கட்டுமா அப்பா என்று கேட்டிருந்தாய். போனில் வேண்டாம் என்று மட்டும் சொன்னால், அப்பா பணத்தைப் பார்க்கிறார் என்று நினைப்பாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று கடை லீவு. இந்த விலை போனால் போகட்டும், தீபாவளிக்கு மறுபடி வரும்.

28 வருஷமாக என் ரிப்பேர் மேஜைக்கு மிக்ஸியும் கிரைண்டரும் ஜூசரும் வந்துகொண்டே இருக்கின்றன. அதில் ஒரு வித்தியாசம் உண்டு. மிக்ஸி கெட்டால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு வருவார்கள், சாயங்காலத்துக்குள் வேண்டும் என்பார்கள். ஜூசர் வருவது வீடு வெள்ளையடிக்கும்போதும் வீடு மாறும்போதும்தான். எத்தனை நாளாக ஓடவில்லை என்று கேட்டால், ‘அது ரெண்டு வருஷம் இருக்கும் அண்ணாச்சி’ என்று பதில் வரும். ரெண்டு வருஷம் இல்லாமலே அந்த வீடு நடந்திருக்கிறது.

அந்தப் பொருள் மோசம் என்று சொல்லவில்லை. எப்படிக் கெடுகிறது என்று சொல்கிறேன், கேள். பழைய மாதிரி ஜூசரில் வலைக்கூடை ஒன்று சுற்றும். அடியில் துருவல் பல், சுவரில் முடி போன்ற ஓட்டைகள். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல்கூடப் போகும். அந்த வேகத்தில் சாறு சுவர் வழியே வெளியே தெறித்துவிடும், கோது உள்ளே நிற்கும். (சென்னையில் சக்கை என்கிறீர்கள். நம் ஊரில் சக்கை என்றால் பலாதான், அதனால் கோது என்றே எழுதுகிறேன்.) போன மாதம் ஒரு அக்கா கொண்டுவந்த ஜூசர், போட்டால் மேஜையே ஆடியது. மோட்டார் போய்விட்டது என்று நினைத்துதான் வந்திருந்தார். கூடையைக் கழற்றி டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிக் காட்டினேன். ஒரு பக்கம் வெளிச்சம் ஊசி ஊசியாக வந்தது, மறுபக்கம் ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை. கேரட் நார் காய்ந்து பசை போட்ட மாதிரி ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் கனம் கூடினால் கூடை நேராகச் சுற்றாது. ஆடி ஆடிச் சுற்றும், தண்டைத் தாங்கும் புஷ் தேயும், அப்புறம் மோட்டாரையும் கூடையையும் இணைக்கும் கப்ளர் போகும், கடைசியில் மோட்டாரும் போகும். ஆரம்பம் என்னவோ கழுவாமல் விட்ட ஒரு ராத்திரிதான். சோடா உப்பு கலந்த வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் தேய்த்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. ஆட்டம் நின்றது. அதற்குக் கூலி வாங்க மனசு வரவில்லை.

நீ அனுப்பியது வேறு மாதிரி, மெதுவாகப் பிழிகிற ஜூசர். உள்ளே திருகு போல ஒரு தண்டு, நிமிடத்துக்கு 40 முதல் 80 சுற்றுதான். நம் செக்கு ஆட்டுகிற மாதிரி நசுக்கிப் பிழியும். சத்தம் குறைவு, நுரை குறைவு, கோதும் காய்ந்து வரும். கேரட், பீட்ரூட், கீரை போடுகிறவர்களுக்கு அதில் சாறு கூடுதலாகவே கிடைக்கும், அது உண்மை. ஆனால் விளம்பரத்தில் சொல்கிற மாதிரி, வேகமாகச் சுற்றும் ஜூசரில் சத்தெல்லாம் வெந்துபோகும் என்பதை நம்பாதே. ஓடி முடிந்தவுடன் நான் கையை வைத்துப் பார்த்திருக்கிறேன், சாறு வேகிற சூடெல்லாம் அங்கே இல்லை. சத்தைத் தின்பது காற்றும் நேரமும்தான். எதில் பிழிந்தாலும் உடனே குடித்துவிட வேண்டும்.

அப்புறம் அந்த வாரன்டி. மோட்டாருக்குப் பத்து வருஷம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதில் கெடுவது மோட்டார் இல்லை, மக்களே. சாறு வடிகிற சல்லடை விரியும், திருகுத் தண்டில் கீறல் விழும், ரப்பர் சீல் தளர்ந்து அடியில் ஒழுகும். கைதச்சக்கையின் (அன்னாசி) நடுத்தண்டையும் கேரட்டையும் நறுக்காமல் முழுசாகத் திணிப்பதால் வருவது அது. அந்த மூன்றுக்கும் எத்தனை வருஷம், தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பார். கையில் பாகம் இருந்தால் நானே மாட்டித் தந்துவிடுவேன். பாகம் இல்லாமல் திருப்பி அனுப்பிய ஜூசர்கள் எத்தனையோ.

இது வரைக்கும் மெக்கானிக் சொன்னது. இனி அப்பா சொல்கிறேன்.

2016-ல் எனக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் அம்மா பயந்துபோய் முதல் வேலையாக ஒரு ஜூசர் வாங்கினாள். உனக்கு நினைவிருக்கும், நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். காலையில் ஆப்பிள், கேரட், ஆரஞ்சு எல்லாம் போட்டு ஒரு பெரிய கிளாஸ். நல்லது செய்கிறோம் என்று இரண்டு பேரும் நம்பினோம். மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுத்தால் சர்க்கரை குறையவில்லை, கூடியிருந்தது. காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டு வந்து, ஜூஸில் நிறுத்தினார். ஆரஞ்சை உரித்துத் தின்னச் சொன்னால் எத்தனை தின்பீர்கள் என்றார். ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்றேன். அந்தக் கிளாஸில் நான்கு இருக்கிறதே என்றார்.

அந்த ஒரு கேள்வி எனக்குப் போதும். 250 மில்லி ஆரஞ்சுச் சாற்றில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை, ஏறக்குறைய ஐந்து டீஸ்பூன். வெளியிலிருந்து ஒரு பொட்டு போடாமலே. முழுப் பழத்தில் அதே சர்க்கரை நாரோடு இருக்கும், மெல்ல வேண்டும், வயிறு நிறையும், மெதுவாக ரத்தத்தில் ஏறும். பிழிந்துவிட்டால் நார் கோதோடு குப்பைக்குப் போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன சர்க்கரை அளவில், டீயில் போடுகிற சீனியோடு பழச்சாற்றுச் சர்க்கரையையும் சேர்த்துத்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறார்கள். ஒரே கிளாஸில் அது ஏறக்குறைய தீர்ந்துபோகும். மாப்பிள்ளைக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று நீயே சொன்னாய். அவருக்காக என்று எழுதியிருந்ததால்தான் எனக்கு நேற்று தூக்கம் வரவில்லை.

பழம்தான் ஆகாது, காயும் கீரையும் பிழியலாமே என்பாய். அதிலும் அளவு இருக்கிறது. நம் கிணற்றடியில் நிற்கும் பிலிம்பி மரத்தை நினைத்துப் பார். கொத்துக் கொத்தாகக் காய்க்கும், கேரளாவில் இரும்பன்புளி என்பார்கள். அம்மா மீன்குழம்பில் நாலைந்து காய் போடுவாள், அதற்கு மேல் நாக்கு தாங்காது. கேரளாவில் கொலஸ்ட்ரால் குறையும் என்று நம்பி அதைச் சாறாகப் பிழிந்து குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸ் வரை போனதை அங்குள்ள டாக்டர்கள் 2013-லேயே எழுதியிருக்கிறார்கள். அந்தக் காயில் இருக்கும் ஆக்சலேட் என்ற உப்பு சிறுநீரகத்தில் படிந்ததுதான் காரணம். குழம்பில் கிடந்தபோது யாரையும் ஒன்றும் செய்யாத காய் அது. பசலைக்கீரையிலும் அதே ஆக்சலேட் நிறைய உண்டு. நீ அனுப்பிய படத்தில் ஒரு கட்டுப் பச்சைக் கீரையை அப்படியே பிழிகிறார்கள். யாராவது ஒரு கட்டுக் கீரையைப் பச்சையாக மென்று தின்பார்களா? தின்ன முடியாத அளவைக் குடிக்க வைத்துவிடுகிறது, எனக்கு அந்த மெஷினில் உள்ள பயம் அதுதான்.

சின்னவள் பழம் தின்ன மாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருந்தாய். இரண்டு வயசுதானே, துப்பத்தான் செய்வாள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2017-ல் சொன்னது, ஒரு வயசு வரை ஜூஸே வேண்டாம், மூன்று வயசு வரை ஒரு நாளைக்கு 120 மில்லிக்கு மேல் வேண்டாம் என்று. அந்த 120 மில்லியைக் கொடுத்துப் பழக்கினால் தண்ணீரும் பழமும் இரண்டும் வேண்டாம் என்பாள். ஓணத்துக்கு வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து நம் ஊர் மட்டி வாழைப்பழம் மூன்று தின்றாளே, நீதான் குளிக்கப் போயிருந்தாய். ஒன்றைக் கையால் உரிக்க விட்டேன். பாதி தரையில், மீதி வாயில். அவள் தின்னாத பிள்ளை இல்லை. நீயும் முதலில் தின்றது அந்த மட்டியைத்தான், அம்மா விரலால் மசித்துக் கொடுப்பாள். 2023-ல் நம் மட்டிக்குப் புவிசார் குறியீடு கொடுத்தபோது எனக்கு அந்த மசித்த பழம்தான் நினைவுக்கு வந்தது. மட்டி, செந்துளுவன், சக்கை, சப்போட்டா என்று நம் ஊர்ப் பழம் பாதியும் ஜூசருக்கு ஆகாது, போட்டால் பசையாகி உள்ளே அடைத்துக்கொள்ளும்.

ஆனால் ஜூசர் எதற்குமே ஆகாது என்று நான் சொன்னால் அது பொய். பாட்டிக்குத் தாடையில் ஆபரேஷன் ஆன அந்த மூன்று மாதம், பரணில் கிடந்த அதே ஜூசரைத்தான் இறக்கினேன். வாய் ஒரு விரல் அகலம்தான் திறக்கும். மாதுளையும் கேரட்டும் பிழிந்து, டீ வடிகட்டியில் இன்னொரு தடவை வடித்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தோம். முதல் நாள் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மூன்று மாதமும் ஒரு ராத்திரிகூட வலையைக் கழுவாமல் நான் படுத்ததில்லை. மெல்ல முடியாதவர் வீட்டில் இருந்தால், விலை பார்க்காமல் வாங்கு என்பேன். அதேபோல, குலசேகரம் பக்கம் இளம் ரப்பர் மரங்களுக்கு ஊடே கைதச்சக்கை போட்டவர்கள் ஒரே சமயத்தில் நூறு காய் பழுத்து நிற்கும்போது வாங்கினால் அதிலும் நியாயம் இருக்கிறது. உன் வீட்டில் நான்கு பேருக்கும் பல் இருக்கிறது. பழம் கிலோ கணக்கில் கடையில் வாங்குகிறாய்.

அதனால் ஒன்று செய். உன் மிக்ஸியோடு வந்த ஜூஸ் ஜார், நடுவில் சல்லடை வைத்தது, அட்டைப்பெட்டியிலேயே இருக்கும், எடு. சாத்துக்குடிக்குக் கையால் அமுக்கும் அலுமினியப் பிழிவான் போதும், என் கடையிலேயே இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன். 40 நாள் உன் ஆசைப்படி காலையில் பிழிந்து குடி. அளவு சின்ன டம்ளர், காய் பாதிக்கு மேல், மாப்பிள்ளைக்குப் பழச்சாறு கிடையாது. நாற்பதாம் நாளும் நீ அந்த ஜாரைக் கழுவிக்கொண்டிருந்தால் என்னைக் கூப்பிடு, அந்த மெது ஜூசருக்குப் பாதிப் பணம் நான் தருகிறேன். கழுவுவது நீயா, வேலைக்கு வரும் அக்காவா என்பதையும் இப்போதே யோசித்துக்கொள். ஆபீஸுக்கு ஓடும் நேரத்தில் ஏழு பாகத்தைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஒரு மட்டிக்குலை போட்டுவிடுகிறேன், டிரைவரின் நம்பரை அம்மா அனுப்புவாள். சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளையைப் போய் எடுக்கச் சொல். ஃபிரிட்ஜில் வைக்காதே, தோல் கருத்துப்போகும். பால்கனிக் கம்பியில் கட்டித் தொங்கவிடு, சின்னவளுக்குக் கை எட்டுகிற உயரத்தில். பழுத்தால் குலையிலிருந்து தானே உதிரும், அடியில் ஒரு துணி விரித்து வை.

அப்பா