லாக்ஸ்டன் ஊராருக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய லாக்ஸ்டன் ஊராருக்கும், என் கட்டுரைக்குக் கைகொடுத்த மற்ற அன்பர்களுக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில், நியூவார்க் நகருக்கு வடமேற்கே, வேலியில்லாத பழைய திறந்த வயல் முறை இன்றும் நீடிக்கும் உங்கள் சிற்றூரைப் பற்றித் தமிழில் எழுதத் தொடங்கிய கட்டுரை, நான் போட்ட கணக்கைவிட ஓராண்டு கூடுதலாக இழுத்து, ஒருவழியாக இப்போது முடிந்திருக்கிறது. உதவியவர்களில் பலர் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், ஆளைச் சொல்லாமல் அவர் செய்ததைச் சொல்லி நன்றி கூறுகிறேன்.

முதல் நன்றி, என் பிழையைத் திருத்திய விவசாயிக்கு. வேலி எதுவும் இல்லாமல் பரந்து கிடக்கும் மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் மூன்றையும் பார்த்துவிட்டு, ஊரே கூடிப் பொதுவில் பயிரிடும் நிலம் என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். அதை அவருக்கு வாய்மொழியாகச் சொன்னபோது, விதையும் விளைச்சலும் அவரவருடையது, ஒழுங்கு மட்டும்தான் பொது என்று பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு குத்தகைதாரருக்கும் மூன்று வயல்களிலும் சிதறிய நீண்ட துண்டுகள் உண்டு. ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தத்தில் விதைக்கும் பயிர், மூன்றாவது தரிசு என்று ஆண்டுதோறும் மாறி வரும் சுழற்சியைத் தன் விருப்பத்துக்கு மீற எவராலும் முடியாது. தரிசில் இப்போதெல்லாம் தீவனப் புல் வளர்கிறது என்பது வேறு செய்தி. நிலம் இப்படிச் சிதறியிருப்பதால்தான் பண்ணை வீடுகள் வயலுக்கு நடுவே போய் உட்காராமல் ஊர்த் தெருவை ஒட்டியே நிற்கின்றன என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. அதுவரை அதை வெறும் அழகு என்றே எண்ணியிருந்தேன்.

அடுத்து, நவம்பர் இறுதியில் கோதுமை வயலைப் பார்வையிடச் சென்ற, ஊர் விவசாயிகளைக் கொண்ட மேற்பார்வைக் குழுவான ஜூரியினருக்கு. என்னையும் உடன்வர அனுமதித்தீர்கள். நகரத்துச் செருப்போடு வந்து நின்றவனைக் கண்டு ஓர் அம்மையார் தன் மகனின் ரப்பர் பூட்ஸைக் கொடுத்து உதவினார். களிமண் அந்தப் பூட்ஸையே அடிக்கொரு தரம் பிடித்து இழுத்தது. ஒரு துண்டின் முனையில் நீங்கள் நின்றதை மறக்க முடியவில்லை: இருவர் குனிந்து கடைசி உழவுச் சாலைக் கண்ணால் நேர்பார்த்தார்கள், ஒருவர் பாதையின் அகலத்தைக் காலடியால் அளந்தார், பிறகு ஒரு மர முளையை மண்ணில் அடித்து இறக்கினார்கள். பொதுப் பாதைக்குள் ஏர் ஓட்டியவருக்கு, அடுத்த வாரம் கூடும் கோர்ட் லீட் என்னும் ஊர்மன்றத்தில் அபராதம் விழும். தொகை சிறிதுதான், அண்டை வீட்டார் முன்னால் பெயர் வாசிக்கப்படுவதே பெரிய தண்டனை என்று எனக்குத் தோன்றியது. இத்தகைய மன்றங்களின் அதிகாரத்தை 1977-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியபோது உங்கள் மன்றத்துக்கு மட்டும் விலக்கு அளித்ததன் பொருள் அந்த முளையைப் பார்த்தபின்தான் விளங்கிற்று.

ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கும் 1635-ஆம் ஆண்டு வரைபடத்தைப் படித்தறிய உதவியவர்களுக்கும், லாக்ஸ்டனின் பழைய நிலவுடைமையாளர்களான மேன்வர்ஸ் குடும்பத்தின் ஆவணங்களைப் பேணும் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகக் காப்பகப் பணியாளர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். லண்டன் வணிகர் சர் வில்லியம் கோர்ட்டனுக்காக மார்க் பியர்ஸ் வரைந்த அந்தப் படத்தில், துண்டு துண்டான நிலங்களுக்கு நடுவே உழுபவரும் அறுப்பவரும் விரல்நுனி அளவில் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். நாடெங்கும் திறந்த வயல்களை வேலியடைத்தபோது லாக்ஸ்டன் தப்பியதற்குப் பழமைப் பற்றே காரணம் என்று நான் நம்பியிருந்தேன்; நிலம் இரண்டு பெரிய உடைமையாளர்களிடையே பிரிந்து கிடந்து, அவர்கள் எளிதில் உடன்படாமல் போனதற்கும் அதில் பெரும் பங்குண்டு என்று காட்டித் தந்தீர்கள். அதன்பின் 1952-இல் வேளாண் அமைச்சகம், 1981-இல் அரசுரிமை நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட், 2020-இல் தோர்ஸ்பி எஸ்டேட் என்னும் தனியார் பண்ணை என்று கை மாறியபோதும் ஏறத்தாழ 480 ஏக்கர் இன்றும் அதே முறையில் உழப்படுகிறது.

புனித மிக்கேல் ஆலயத்தை எனக்காக ஒரு மழை நாளில் திறந்துவிட்ட பொறுப்பாளருக்கும் நன்றி. ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியான பாரிஷ் என்பதற்குத் தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் பங்கு என்றும் சேகரம் என்றும் இரு சொற்கள் வழங்குகின்றன; துண்டு துண்டாய்ப் பங்கிட்ட உங்கள் வயல்களைக் கண்டபின் முதற்சொல்லையே கட்டுரை முழுவதும் கையாண்டேன். இடைக்காலத்தில் ஊரின் பிரபுக்களாக இருந்த எவரிங்ஹாம் குடும்பத்தாரின் கற்சிலைகளுக்கு இடையே ஓக் மரத்தில் செதுக்கிய ஒரு பெண்ணின் உருவம் படுத்திருக்கிறது. இடைக்கால மரச்சிலை இந்த மாவட்டத்தில் இது ஒன்றுதான். கல்லை விட்டுவிட்டு அதன் அருகிலேயே நான் நெடுநேரம் நின்றதைப் பார்த்து, அவர் விளக்கை அணைக்காமல் காத்திருந்தார்.

கட்டுரையின் ஒரு படியை டவ்கோட் விடுதிக்குப் பக்கத்திலுள்ள பார்வையாளர் மையத்துக்கு அனுப்பியிருக்கிறேன். உங்களில் எவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால், வரைபடத்தின் ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். தவறு இருந்தால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன். அந்த ரப்பர் பூட்ஸைக் கழுவிக் காயவைத்தாயிற்று. உழ முடியாத சைக் நிலங்களின் புல்லைக் கோடையில் ஏலம் விடும் நாளில் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
நாட்டிங்ஹாமிலிருந்து உங்கள் தமிழ் விருந்தாளி