பசை பூசும் முன் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்தில் பழைய லாரிகளுக்குக் கேபின் வேலை பார்க்கும் பட்டறை முதலாளிகளுக்கும் மேஸ்திரிகளுக்கும்,

வணக்கம். 2009 மாடல் லாரி ஒன்றை வைத்து நானே ஓட்டிப் பிழைக்கிறவன் நான். வெறும் சேஸியாக வந்து நிற்கும் வண்டிக்கு மரமும் தகரமும் வைத்து உருவம் கொடுப்பவர்கள் நீங்கள். உங்கள் கைவேலையைக் குறை சொல்லலாமா என்று பலமுறை யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வெளி மாநிலத்தில் வண்டியை நிறுத்தும்போது ‘நாமக்கல் பாடியா?’ என்று யாராவது கேட்டால் எனக்குப் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமை இருப்பதால்தான் இந்தக் கோபமும் வருகிறது.

கேபினுக்குள் மழை ஒழுகுவதைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். ஓட்டை அடைக்கும் சிலிக்கான் பசை டியூபைக் கையில் எடுப்பதற்கு முன்னால், தண்ணீர் ஊற்றி ஓட்டை எங்கே என்று கண்டுபிடியுங்கள்.

இந்த ஆடியில் சேலத்திலிருந்து ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு நவி மும்பைக்குப் போனேன். மூட்டை நனைந்தால் சரக்கு வீணாகிவிடும் என்று இரண்டு தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தோம். கோலாப்பூர் தாண்டியதும் பிடித்த மழை விடவே இல்லை. சாத்தாராவுக்கு முன்னால் ஒரு டாபாவில் ஒதுங்கி, சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனால், சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கைப் பலகை முழுவதும் ஈரம். மெத்தையில் கை வைத்து அழுத்தினேன், தண்ணீர் பொங்கி வந்தது. ரெக்சின் உறைக்குள் போன தண்ணீர் லேசில் காயாது என்பது உங்களுக்குத் தெரியும். போர்வை, மாற்று லுங்கி, கிளீனர் பையனுடைய துணிப்பை எல்லாம் ஊறிக் கிடந்தன. அவன் சோறு வடிக்கும் பாத்திரத்தை மடியில் வைத்துச் சொட்டுகிற தண்ணீரைப் பிடித்தபடியே உட்கார்ந்து தூங்கினான். பத்தொன்பது வயசுப் பையன். பாத்திரம் நிறைந்து சில்லென்று மேலே கொட்டும்போதெல்லாம் திடுக்கிட்டு எழுந்து, கதவைத் திறந்து ஊற்றிவிட்டு மறுபடியும் உட்காருவான். நான் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக் கிடந்தேன். விடியும்வரை ஒரு மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம். மறுநாள் அந்தக் கண்ணோடுதான் அத்தனை வண்டிகளுக்கு நடுவே மும்பை வரை ஓட்டினேன். பின்னால் ஒரு மூட்டைகூட நனையவில்லை.

இந்த ஒழுகலுக்காக மூன்று தடவை வண்டியைப் பட்டறையில் விட்டிருக்கிறேன். எந்தப் பட்டறை என்று எழுதப் போவதில்லை. மூன்று தடவையும் முன் கண்ணாடி ரப்பரைச் சுற்றி சிலிக்கான் பூசினார்கள். மூன்றுக்கும் சேர்த்து 11,000 ரூபாய் கொடுத்தேன். ஒரு தடவைகூட யாரும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவில்லை. நான் ஒன்று சொன்னேன், யார் காதிலும் ஏறவில்லை. தொப்பூரில் மேடு ஏறும்போது படுக்கையில் சொட்டுகிறது, திரும்பி வரும்போது அதே தொப்பூர் இறக்கத்தில் கண்ணாடி மூலையில் சொட்டுகிறது என்றேன். “பழைய வண்டின்னா அப்படித்தாண்ணே, ரெண்டு இடத்துலயும் பூசிடறோம்” என்று பதில் வந்தது.

ஊருக்கு வந்ததும் நானே உட்கார்ந்து பார்த்தேன். கூரையின் உட்பக்கத்து ரெக்சினையும் பிளைவுட்டையும் கழற்றினேன். உள்ளே பையனை டார்ச்சோடு உட்கார வைத்து, சந்தேகப்பட்ட இடமெல்லாம் சாக்பீஸ் பொடி தடவி, வெளியே ஹோஸைப் பிடித்தேன். கீழிருந்து மேலாகத்தான் ஊற்ற வேண்டும். மேலே ஊற்றினால் தண்ணீர் எல்லா இடத்துக்கும் வழிந்து, எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் போய்விடும். வைப்பர் தண்டு, கண்ணாடியின் கீழ் ரப்பர், பக்கவாட்டு, மேல் ரப்பர், நெற்றி விளக்கின் ஸ்குரூ என்று ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் ஊற்றினேன். சொட்டு இல்லை. கடைசியில் தார்ப்பாய் வைக்கும் டாப் கேரியரின் கால்களுக்கு வந்தேன். இடதுபக்கத்துப் பின்காலில் ஊற்றிய கொஞ்ச நேரத்தில் “அண்ணா, வருது” என்று உள்ளேயிருந்து சத்தம். பொடியில் தண்ணீர் போட்ட கோடு தெளிவாகத் தெரிந்தது. நனைந்த தார்ப்பாயின் பாரம் ஆட்டி ஆட்டி போல்ட் ஓட்டை அகன்றிருந்தது. அதில் இறங்கிய தண்ணீர் கூரைச் சட்டத்தின் மேலேயே ஓடி, வண்டி முன்னால் சாய்ந்தால் கண்ணாடி மூலைக்கும் பின்னால் சாய்ந்தால் படுக்கைக்கும் போயிருக்கிறது. ஒழுகியது இரண்டு இடம் என்றாலும் ஓட்டை ஒன்றுதான். நான் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் முதல் தடவையே பிடித்திருக்கலாம்.

பூசிய சிலிக்கானைப் பற்றியும் சொல்ல வேண்டும். புளித்த வாடை அடிக்கும் சாதாச் சிலிக்கான் வெறும் தகரத்தில் பட்டால் துருவைக் கூட்டும். அதன் மேல் பெயிண்டும் நிற்காது. நான் ரப்பரைத் தூக்கிப் பார்த்தபோது கண்ணாடிச் சட்டம் செதில் செதிலாக உதிர்ந்தது. ஒழுகாத இடத்தில் பூசியதால் அங்கே இப்போது புதிதாக ஒரு ஓட்டை உருவாகிக்கொண்டிருக்கிறது. துருவைக் கிரைண்டரில் தேய்த்து எடுத்து, பிரைமர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு பி.யு. சீலண்ட் என்னும் அடைப்புப் பசையை வைக்க வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஈரத் தகரத்தில் எதுவும் ஒட்டாது என்பதும் தெரியும். தெரிந்தும் ஏன் செய்வதில்லை?

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏசி இருந்தாக வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. நல்லது, ஓட்டுகிறவனுக்குத் தூக்கமும் உடம்பும் முக்கியம் என்று அரசுக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் எட்டு வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு வருஷா வருஷம் எப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுக்கிறோம், அதற்காகவே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கிறோம். எத்தனை தடவை எடுத்தும், என் கேபின் கூரை ஒழுகுகிறதா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பெயிண்ட் பளபளத்தால் போதுமா? அதற்குள் படுத்துத் தூங்குகிறவனுடைய முதுகைப் பற்றி யாருக்கும் கவலை வேண்டாமா?

சரி, அதை அரசிடம் தனியாகக் கேட்கிறேன். உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். வண்டி வந்தால் டிரைவரிடம் எங்கே, எப்போது சொட்டுகிறது என்று கேளுங்கள். உள்கூரையைக் கழற்றித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வேலை முடிந்த பிறகு இன்னொரு தடவை ஊற்றிக் காட்டிவிட்டு வண்டியைக் கொடுங்கள். அதற்கு அரை நாள் கூடுதலாகும், அந்தக் கூலியையும் சேர்த்தே பில் போடுங்கள். முகம் சுளிக்காமல் கொடுக்கிறேன்.

போல்ட் ஓட்டைக்கு இப்போதைக்கு ரப்பர் வாஷர் போட்டு அடைத்திருக்கிறேன். உளுத்த கூரைச் சட்டமும் கண்ணாடிச் சட்டமும் உங்கள் கையால்தான் மாற வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியில் வண்டியைக் கொண்டுவருகிறேன். தயவுசெய்து ஹோஸை எடுத்து வையுங்கள். உள்ளே உட்கார்ந்து டார்ச் பிடிக்க நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு லாரி டிரைவர்