அந்த ஆமணக்குச் செடி பத்தி

கண்ணு,

நீ அனுப்புன போட்டோவ பெருசு பண்ணி பாத்தேன், அது ஆமணக்கேதான், அழகுக்குன்னு வைக்கிற செவப்பு ரகம். பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா குட்டிப்பய கைக்கு கெடைக்கிறத எல்லாம் வாயில போடுற வயசுல அது வாசல்ல வேணாம்மா.

"வெளக்கெண்ணெய குடிக்கிறாங்களே, அப்புறம் எப்படி விஷம்"னு கேட்ட. விஷம் ரிசின்ங்கிற புரதம், அது எண்ணெயில கரையாது, ஆட்டுறப்ப பிண்ணாக்கோட தங்கிடும், எண்ணெயில கொஞ்சம் ஒட்டிட்டு வந்தாலும் சூடு பண்ணி சுத்தம் பண்றதுல செயலிழந்துடும். வயித்த இளக்குறது வேற, அது ரிசினோலிக் அமிலம், எண்ணெயில கிட்டத்தட்ட பத்துக்கு ஒம்பது பங்கு அதான். அது கர்ப்பப்பையையும் சுருங்க வைக்கும், அதனால மாசமா இருக்கிறவங்க டாக்டர கேக்காம குடிக்கவே கூடாது, உன் ஃப்ரெண்டு கிட்டயும் சொல்லு.

பயம் முத்து மேலதான் இருக்கணும், அதாவது ஆமணக்கு வெதை மேல. ஒண்ண எடுத்து பாரு, பளபளன்னு, பழுப்பும் வெள்ளையுமா வரி ஓடி, ஒரு ஓரத்துல சின்ன முண்டோட, ரத்தம் குடிச்ச உண்ணி மாதிரியே இருக்கும். கொழந்தைக்கு அது வெளையாட்டு பாசிமணி. ஓடு கெட்டி, முழுசா முழுங்கினா சில நேரம் அப்படியே வெளிய வந்துடும், கடிச்சு மென்னாதான் ரிசின் வெளிய வந்து செல்லுக்குள்ள பூந்து, புரதம் செய்யவே விடாம அத சாகடிக்கும். இதுல மோசம் என்னன்னா உடனே ஒண்ணும் தெரியாது, சில மணி நேரம் கழிச்சுதான் வாந்தி, பேதி, வயித்துவலின்னு ஆரம்பிக்கும், உடம்புல தண்ணியே இல்லாம போயிடும். முறிவு மருந்து கெடையாது, ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் போட்டு தாங்கிப் புடிக்கத்தான் முடியும். அதனால மென்னுட்டான்னு சந்தேகம் வந்தாலே "நல்லாத்தான இருக்கான்"னு காத்திருக்காத, வாந்தி எடுக்க வைக்காத, ஒரு முத்தையும் கையில எடுத்துட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடு.

செடி மேல எனக்கு கோவமெல்லாம் இல்ல, எவ்ளோ பெரிய உபகாரி அது! முதல் உலகப்போர் விமானத்து இன்ஜினுக்கே இந்த எண்ணெயத்தான் ஊத்துனாங்க, பெட்ரோல்ல சுலபமா கரையாதுங்கறதால. நைலான்-11ங்கிற பிளாஸ்டிக்கும் இதுலருந்துதான் வருது, 'எரி'ங்கிற ஒரு ரக பட்டுப்புழு முக்கியமா இந்த எலையத்தான் திங்கும். கொழந்தை இல்லாத தோட்டமா இருந்தா வச்சுக்கோன்னே சொல்லியிருப்பேன்.

இந்த வாரமே காய் காய்ஞ்சு வெடிக்கிறதுக்குள்ள கிளவுஸ் போட்டு கொத்த வெட்டி கவர்ல கட்டிடு, அப்புறம் வேரோட புடுங்கு. வெடிச்சா முத்து தூரமா தெறிக்கும், அப்ப கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டு மண்ண தேடணும், தப்புனது மொளைச்சா சின்னதுலயே புடுங்கிடு. ரோஜாவுக்கு உரம் வாங்குறப்பவும் பாக்கெட்ட படிச்சுப் பாரு, ஆமணக்கு பிண்ணாக்குன்னு போட்டிருந்தா வேணாம், சரியா சூடு பண்ணாத பிண்ணாக்க தின்னுட்டா உன் நாய்க்குட்டிக்கும் உயிருக்கே ஆபத்து.

அம்மா