அப்பாவின் நோட்டைக் காப்பாற்றிய அண்ணனுக்கு

மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில், மழையில் தவறிப்போன, அப்பாவின் பாட்டு நோட்டு இருந்த எங்கள் மஞ்சள் பையை எடுத்து, உள்ளே இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டு, நான் வரும்வரை காத்திருந்த அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. பெயர் கேட்டேன். "அது எதுக்குங்க, பத்திரமா வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறிவிட்டீர்கள்.

அந்த நோட்டு யாருடையது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அப்பா பகலில் கொத்தனார். திருவிழாக் காலத்தில் இரவெல்லாம் ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், அதாவது கதாநாயக வேடம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) வள்ளி திருமணம்தான் அதிகம் ஆடியது. ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. வெவ்வேறு ஊர் நடிகர்கள் மேடையில்தான் சந்திப்பார்கள். தர்க்கம் என்கிற பாட்டு வாக்குவாதத்தில் எதிராளி பாடினால் அங்கேயே பதில் பாட வேண்டும். அந்தப் பழக்கத்தில் சாரத்தில் நின்றபடியே வெண்பா கட்டுவார். எங்கள் வீட்டையும் அவர்தான் கட்டினார். சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்க்கும் பக்குவம்கூட அந்த நோட்டில் பாட்டாக இருக்கிறது. வேறு பிரதி இல்லை.

நனைந்த தாள்களுக்கு நடுவே செய்தித்தாள் செருகி வைத்திருந்தீர்களே, அதனால்தான் எழுத்து தப்பியது. யாருக்கு அண்ணா அது தோன்றும்! அப்பாவுக்கு இப்போது பார்வை மங்கல். நான் வாசிக்க, அவர் திருத்தம் சொல்கிறார். இதைப் படித்தால் ஒருமுறை புதுக்கோட்டைப் பக்கம் வாருங்கள். அப்பா உங்களைப் பார்க்க வேண்டும் என்று தினமும் கேட்கிறார்.