டூர் டி பிரான்ஸ் தொடருக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் வரலாற்றுத் தொடர் இந்த வாரத்தோடு முடிகிறது. 1903இல் ஒரு விளையாட்டு நாளிதழ் தன் விற்பனையைப் பெருக்கத் தொடங்கிய பந்தயம் இது. அந்த ஆண்டு 60 பேர் கிளம்பி, 21 பேர்தான் கடைசிவரை ஓட்டினார்கள். இவ்வளவும் எல்லோருக்கும் கிடைக்கிற செய்தி. இதைத் தாண்டி நான் எழுதியதில் பாதி உங்களால் வந்தது.

பழைய பிரெஞ்சுச் செய்திகளைப் பொறுமையாகப் படித்துச் சொன்ன அக்காவுக்கு முதல் நன்றி. 1913இல் துர்மலே மலை இறக்கத்தில் யூஜேன் கிறிஸ்தோஃப் என்ற வீரரின் சைக்கிளில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முறிந்தது. பத்து கிலோமீட்டருக்கும் மேல் வண்டியைச் சுமந்து நடந்து, கொல்லுப்பட்டறை ஒன்றில் தன் கையாலேயே அதைச் சரிசெய்தார். அடுத்தவர் உதவி கூடாது என்பது விதி. துருத்தி ஊதிய சிறுவனுக்காகவும் அவருக்குத் தண்டனை நேரம் விழுந்தது! அந்தச் சிறுவனை விட்டுவிடாதே என்று அக்கா சொன்னதிலிருந்துதான், வென்றவர்களைவிட உதவியவர்களை நான் தேடத் தொடங்கினேன்.

பந்தயங்களில் ஓட்டிய அண்ணனுக்கு அடுத்த நன்றி. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, பின்னால் வருபவருக்கு உழைப்பு எவ்வளவு மிச்சமாகிறது என்று அவர் விளக்கிய பிறகே அணித் தலைவருக்காக உழைத்த வீரர் ரெனே வியத்தோவின் அருமை எனக்குப் புரிந்தது. 1934இல் அவருக்கு வயது 20. அணித் தலைவர் அந்தோனன் மாஞ்ஞின் சக்கரம் உடைந்தபோது தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சாலையோரச் சுவரில் உட்கார்ந்து அழுதார். மறுநாளும் தலைவருக்குச் சிக்கல். முன்னால் போய்விட்ட வியத்தோ திரும்பி வந்து தன் சைக்கிளையே கொடுத்தார். அந்த ஆண்டு டூரை மாஞ் வென்றார், வியத்தோ ஐந்தாவது. அவரைப் பற்றி இன்னும் பத்துப் பக்கம் எழுதலாம்.

அப்புறம், “பெண்கள் எங்கே?” என்று கேட்டு எழுதிய தங்கைக்கு. 1984இல் பெண்களுக்கான டூரை மரியான் மார்ட்டின் வென்றதும், பல ஆண்டு இடைவெளிக்குப் பின் 2022இல் பெண்கள் டூர் மீண்டும் வந்ததும் தொடரில் இடம்பிடித்தது அந்தக் கேள்வியால்தான்.

பிழை திருத்தியவர்களுக்கும், வாராவாரம் படித்துக் கருத்துச் சொன்னவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. தொடரை ஒன்றாகத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். விட்டுப்போனது ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லுங்கள், சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
தொடரை எழுதியவன்