களனி கங்கையின் மீன்களை எண்ணிப் பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமைகளில் கடுவெலப் பக்கம் கங்கைக் கரையில் தூண்டில் போடுகிறவன் நான். அங்கே வரும் வயதானவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "முந்தி இப்படி இல்லை தம்பி, கூடை நிறைய விரால் கொண்டுபோவோம்." இருக்கலாம். ஆனால் முந்தி எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று கேட்டால் கரையில் யாரிடமும் பதில் இல்லை. போன கிழமை ஐந்து மணித்தியாலம் இருந்து எனக்குக் கிடைத்தது மூன்று திலாப்பியா. அதுவும் 1952இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன். பக்கத்தில் வீச்சு வலை போட்டவருக்கு ஏறியதில் பாதி டேங்க் கிளீனர். வீட்டுத் தொட்டியில் இருக்க வேண்டியது கங்கையில் பெருகிக் கிடக்கிறது.

நம்முடையது போன்ற வெப்பமான ஆறுகளில் மீன் கணக்கெடுப்பது லேசான வேலை இல்லை. குளிர்ந்த மலையோடையில் ஓரிரு இனத்தைத் தேடினால் போதும். இங்கே எத்தனையோ இனங்கள் கலந்து திரிகின்றன, தண்ணீரும் கலங்கல். ஆனாலும் வழி இருக்கிறது. ஓடையில் ஒரு துண்டை மேலும் கீழும் வலையால் அடைத்துவிட்டு, பயிற்சி பெற்றவர்கள் தண்ணீரில் மூன்று தரம் மின்சாரம் பாய்ச்சுவார்கள். மீன்கள் கொஞ்ச நேரம் மயங்கும். அள்ளி, நீளமும் நிறையும் பார்த்து, தொட்டியில் வைத்திருந்து, மூன்று தரமும் அள்ளி முடிந்த பிறகு திரும்ப விடுவார்கள். தரத்துக்குத் தரம் எவ்வளவு குறைகிறது என்பதை வைத்து அந்தத் துண்டில் மொத்தம் எத்தனை என்று கணிக்கலாம். எண்ணிக்கையைவிட நீளம்தான் பெரிய சேதி சொல்லும் என்பது என் எண்ணம். பெரிய விரால் மட்டும் அகப்பட்டு விரலளவு குஞ்சுகளே இல்லையென்றால் கவலைப்பட வேண்டிய நேரம் அது.

அம்பத்தலேக்குக் கீழே உப்புத்தண்ணீர் ஏறும் காலத்தில் மின்சார முறை சரிவராது. அங்கே அடையாளம் போட்டு எண்ணலாம். 100 மீனின் செட்டை நுனியைச் சிறிது வெட்டி விட்டு, சில நாள் கழித்து 50 மீன் பிடிக்கிறோம். அதில் 10, அதாவது ஐந்தில் ஒன்று, அடையாளத்தோடு இருந்தால் நாம் அடையாளம் போட்ட 100உம் மொத்தத்தில் ஐந்தில் ஒன்றுதான்; அந்த இடத்தில் சுமார் 500 மீன் உண்டு. வந்து போகிற மீன்களால் கணக்குக் கொஞ்சம் பிசகும், ஆனால் ஒரு கணக்கும் இல்லாமல் இருப்பதை விட மேல்.

நீர்வளங்களை ஆராயும் அரச நிறுவனமான நாரா இருப்பதே காக்கைதீவில், கங்கை கடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில். ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் கொழும்பு 2018இல் ஈரநில நகரமானபோது எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! நாரா வருடம் ஒரு தடவை ஒரே இடங்களில், ஒரே முறையில் எண்ணி, கிடைத்ததைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கரையில் ஒரு பலகையில் போட்டால் தூண்டில்காரர்கள் நின்று வாசிப்போம்.

நாங்களும் உதவலாம். எத்தனை மணித்தியாலம் இருந்தோம், என்ன கிடைத்தது என்று ஒவ்வொருவரும் எழுதி வைக்க வேண்டும். வெறுங்கையோடு போன நாளையும் விடக்கூடாது, விட்டால் கணக்கே பொய். நான் மூன்று வருடமாக ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வருகிறேன். கணக்கெடுக்க வருகிறவர்கள் கேட்டால் அப்படியே கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மட்டக்குளி, கொழும்பு 15